செலவுக்கு இங்கிலீஷ்ல எத்தனை பேரு: தோட்டத்துலேர்ந்து டவுனுக்கு வேலைக்கு வந்த புள்ளைங்களுக்கு

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல நான் இருக்கிற தாமான்ல (குடியிருப்புல) சாயங்காலம் ஆறு மணிக்கு மேல என் வீட்டு முன்னாடி நாலஞ்சு மோட்டார் சைக்கிள் நிக்கும். பெரும்பாலும் சுத்துப்பட்டுத் தோட்டத்துலேர்ந்து டவுனுக்கு வேலைக்கு வந்த புள்ளைங்க, ஒருத்தி ஹார்ட்வேர் கடை ஆபீஸ்ல இருக்கா, ஒருத்தன் லோரி கம்பெனியில இருக்கான், ரெண்டு தம்பிங்க மட்டும் தமிழ்நாட்டுல புதுக்கோட்டைப் பக்கத்துலேர்ந்து சாப்பாட்டுக் கடைக்கு வந்தவங்க. வரும்போது கையில ஏதாச்சும் ஒரு தாள் இருக்கும். "அக்கா, இதுல என்ன போட்டிருக்கு, நான் கட்டணுமா, எனக்குத் தரப் போறாங்களா?" இதான் கேள்வி. நான் இருபத்தாறு வருஷம் கிராணி (குமாஸ்தா) வேலை பார்த்தவ, முதல்ல தோட்டத்து ஆபீஸ்ல, அப்புறம் டவுன்ல. அதனால தெரிஞ்சதை இங்க ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன், வர முடியாதவங்களுக்கும் உதவும்.

மொதல்ல ஒன்னு சொல்லிடறேன். நம்ம தமிழ்ல செலவுன்னு ஒரே சொல் எல்லா வேலையும் பார்க்கும். கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, வழிச்செலவு, கைச்செலவுன்னு முன்னாடி ஒரு சொல்லைச் சேர்த்தா முடிஞ்சது. இங்கிலீஷ்ல அப்படி இல்ல. காசு எந்த வழியா போகுது, யார் கைக்குப் போகுது, திரும்பி வருமா வராதா, இதை வச்சு ஒவ்வொன்னுக்கும் தனித்தனிப் பேரு. அந்தப் பேரைப் படிக்கத் தெரிஞ்சா யாரையும் கேட்காமலே பாதி விஷயம் புரிஞ்சிடும். தெரியலன்னா கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் தவிக்கணும், அதையும் நான் பட்டிருக்கேன், கீழ சொல்றேன்.

முதல் வேலை: டிக்‌ஷனரியைத் தூக்காதீங்க. ஒரு மாசம் உங்க கைக்கு வர்ற தாளையெல்லாம் ஒரு பைல்ல போடுங்க. சம்பளச் சீட்டு, போன் பில்லு, கரண்டு பில்லு, கிளினிக் ரசீது, கடை ரசீது, மோட்டார் பட்டறைச் சீட்டு எல்லாம். மாசக் கடைசியில உட்கார்ந்து, எங்கெங்க நம்பர் இருக்கோ அந்த நம்பருக்குப் பக்கத்துல இருக்கிற சொல்லை மட்டும் பேனாவுல வட்டம் போடுங்க. ஒரு முப்பது சொல்லுக்கு மேல வராது. அதே முப்பதுதான் திரும்பத் திரும்ப வரும், அதைத் தெரிஞ்சுக்கிட்டா போதும். ஒரு நோட்டு வாங்கி ரெண்டு கோடு போட்டு ஒரு பக்கம் மலாய், ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் தமிழ்னு எழுதுங்க. மலாய் ஏன்னா நம்ம நாட்டுல பாதி பில்லு மலாய்லதான் வருது, அதுவும் இல்லாம காஸ்ட்டுக்கு கோஸ், சார்ஜுக்கு சாஜ், இன்வாய்ஸுக்கு இன்வோய்ஸ், ரிசீட்டுக்கு ரெசிட்னு மலாய்க்காரங்க இங்கிலீஷ் சொல்லையே அவங்க எழுத்துக்கு மாத்தி வச்சிருக்காங்க, மலாய் பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ளைங்களுக்கு இது பெரிய ஏணி. ரிசீட்டுன்னு இங்கிலீஷ்ல எழுதும்போது நடுவுல ஒரு பி (P) வரும், அதை வாயில சொல்லக் கூடாது, கடனுக்கு டெட்னு ஒரு சொல் இருக்கு, அதுலயும் பி (B) எழுத்துல மட்டும்தான் இருக்கும்.

இப்ப ரெண்டாவது, இதுல கொஞ்சம் நிதானமா நில்லுங்க, ப்ரைஸ், காஸ்ட். ரெண்டும் விலைதானேன்னு நினைப்போம். பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, நாசி லெமாக் விக்கிற அக்காவை எடுத்துக்குங்க. ஒரு பொட்டலம் ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) அம்பது காசுன்னு போர்டு போட்டிருக்காங்க, அது ப்ரைஸ், விக்கிறவங்க சொல்ற விலை. அரிசி, தேங்காய், நெத்திலி, முட்டை, கேஸ், இலை எல்லாம் சேர்த்து அந்த ஒரு பொட்டலத்துக்கு அவங்களுக்கு ஒரு வெள்ளி அறுபது காசு ஆகுதுன்னு வச்சுக்குவோம், அது அவங்க காஸ்ட். மிச்சம் தொண்ணூறு காசு ப்ராஃபிட். அதே பொட்டலத்தை நீங்க வாங்கினா உங்களுக்கு ரெண்டு அம்பதுதான் காஸ்ட். அப்ப ப்ரைஸ்ங்கிறது சாமான் மேல ஒட்டியிருக்கிறது, காஸ்ட்ங்கிறது ஒருத்தர் கையை விட்டுப் போறது. அதனால ஆபீஸ்ல முதலாளி "காஸ்ட் எவ்வளவு"ன்னு கேட்டா நமக்கு அடக்க விலை என்னன்னு கேட்கிறாரு, "ப்ரைஸ் எவ்வளவு"ன்னு கேட்டா கஸ்டமருக்கு என்ன விலை சொல்லியிருக்கோம்னு கேட்கிறாரு. ஹார்ட்வேர் கடையில இருக்கிற நம்ம புள்ள முதல் வாரமே இதை மாத்தி எழுதி அடக்க விலையைக் கஸ்டமருக்கு அனுப்பிட்டா, அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடவே இல்ல.

காஸ்ட்டைப் பேசும்போது ரெண்டு விஷயம். ஒன்னு, சாமான்தான் முன்னாடி வரணும், ஆளு இல்ல. "இட் காஸ்ட் மீ ஃபிஃப்டி ரிங்கிட்" சரி, "ஐ காஸ்ட் ஃபிஃப்டி ரிங்கிட்"னு சொன்னா நானே அம்பது வெள்ளிக்கு விலை போற மாதிரி ஆயிடும். தமிழ்ல "எனக்கு அம்பது வெள்ளி ஆச்சு"ன்னு சொல்றோம்ல, அதே வாட்டந்தான். இன்னொன்னு, நேத்து நடந்ததுக்கும் காஸ்ட்தான், காஸ்டட் இல்ல, அந்த அர்த்தத்துல சொல் மாறாது.

"ப்ரைஸ் இஸ் எக்ஸ்பென்ஸிவ்"னு நிறைய பேர் எழுதுறாங்க, நானும் ரொம்ப வருஷம் எழுதினேன். எக்ஸ்பென்ஸிவ்ங்கிறது சாமானுக்குத்தான். விலைக்கு ஹை, லோ. தமிழ்ல விலை கூட, விலை கம்மின்னு சொல்றோம்ல, அதே கணக்கு, "த ப்ரைஸ் இஸ் ஹை". சாமானைச் சொல்லும்போது "த ஃபோன் இஸ் எக்ஸ்பென்ஸிவ்". மஹால்னு மலாய்ல ரெண்டுக்கும் சொல்லிப் பழகினதால இங்க தடுக்குது.

மூனாவது, செய்ற சொல்லு: ஸ்பெண்ட், பே. ஸ்பெண்டுக்குப் பின்னாடி ஆன் வரும், பேக்குப் பின்னாடி ஃபார் வரும். "ஐ ஸ்பெண்ட் டூ ஹன்ட்ரட் ஆன் பெட்ரோல்", "ஐ பெய்ட் ஃபார் த பெட்ரோல்". ஆனா பில்லு, ஃபைன், வாடகை, கடன், இதுக்கெல்லாம் ஃபார் வராது, "பே த பில்", "பே த ரென்ட்" அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல ஒரு பெரிய குழப்பம் பெலாஞ்சா. மலாய்ல பெலாஞ்சான்னா செலவு பண்றதும் அதான், ஒருத்தருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கிறதும் அதான். அதை அப்படியே இங்கிலீஷுக்குத் தூக்கிட்டுப் போய் "டுடே ஐ ஸ்பெண்ட் யூ"ன்னு சொல்லுவோம். கூட்டாளிங்களுக்குள்ள எல்லாருக்கும் புரியும், தப்பா நினைக்க ஆளில்ல, ஆனா ஆபீஸ்ல வெளியூர்க்காரங்ககிட்ட, ஈமெயில்ல, அப்படி எழுத வேணாம். "லஞ்ச் இஸ் ஆன் மீ", இல்லாட்டி "லெட் மீ ட்ரீட் யூ". அது போதும்.

ஸ்பெண்ட், எக்ஸ்பென்ஸ், எக்ஸ்பென்டிச்சர், எக்ஸ்பென்ஸிவ் நாலும் ஒரே வீட்டுப் புள்ளைங்க. லத்தீன்ல தராசுல நிறுத்து வெளிய கொடுக்கிறதுன்னு அர்த்தம் வர்ற ஒரு சொல்லுலேர்ந்து வந்தது, அந்தக் காலத்துல காசை எண்ணாம நிறுத்துத்தானே கொடுத்தாங்க. எங்கம்மா கித்தா (ரப்பர்) காட்டுல பால் வெட்டுக்குப் போனவங்க, பால் ஸ்டோர்ல வாளியைத் தராசுல வச்சு நிறுத்துத்தான் அன்னைக்குக் கூலி, அதனால இந்தச் சொல்லோட வேரைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அந்தத் தராசுதான் ஞாபகம் வந்துச்சு. எக்ஸ்பென்ஸ்னா ஒரு தனிச் செலவு, பெட்ரோல், தபால்தலை, பேப்பர் மாதிரி. எக்ஸ்பென்டிச்சர்னா ஒரு மாசத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ மொத்தமாப் போனது, கணக்குப் புத்தகத்துலயும் அரசாங்க பட்ஜெட்டுலயும் வரும், வீட்டுல பேசும்போது தேவையில்ல.

நாலாவது கூட்டம்தான் பில்லுல அதிகமா வர்றது, ஃபேர், ஃபீ, சார்ஜ், டோல், ரென்ட், ஃபைன், டாக்ஸ்.

ஃபேர்னா பயணத்துக்குக் கொடுக்கிறது, பஸ், ரயில், டாக்ஸி, ப்ளேன். ஈப்போவுக்கு பஸ்ல போனா ஃபேர். அது மட்டும்தான், வேற எதுக்கும் வராது. இதை மறக்காம இருக்க ஒரு வழி இருக்கு. பழைய இங்கிலீஷ்ல ஃபேர்னா போறதுன்னு அர்த்தம், பள்ளிக்கூடத்துல ஃபேர்வெல் பார்ட்டி வைக்கிறோம்ல, நல்லபடியா போய்ட்டு வான்னு சொல்றதுதான் ஃபேர்வெல். இப்ப நம்ம செலவுங்கிற சொல்லைப் பாருங்க, செல், செல்லுதல், போறது, பழைய தமிழ்ல செலவுன்னா பயணமே. காசு போறதுக்கும் ஆளு போறதுக்கும் நம்மகிட்ட ஒரே சொல், வரவு செலவுன்னா வர்றதும் போறதும், அவ்வளவுதான். ரெண்டு மொழியும் எங்கெங்கயோ வளர்ந்து ஒரே இடத்துல வந்து நிக்குதேன்னு எனக்கு இதுல ரொம்பப் பிரியம். ஒரு ஜாக்கிரதை, நியாயம்னு அர்த்தம் வர்ற ஃபேரும் காதுக்கு இதே மாதிரிதான், எழுத்து வேற.

ஃபீங்கிறது படிச்சவங்களுக்கு, இல்ல ஒரு நிறுவனத்துக்கு, அவங்க அறிவுக்கோ அனுமதிக்கோ கொடுக்கிறது. டாக்டர், வக்கீல், டியூஷன், காலேஜ், லைசென்ஸ், மெம்பர் சேர்றது. மலாய்ல பள்ளிக்கூடத்துக்கு யூரான் கட்டுறோம்ல, அது ஃபீ. ஃபீங்கிற சொல்லோட வேரைத் தேடிப் போனா பழைய ஜெர்மானிய மொழியில மாடு, சொத்துன்னு வரும். நம்ம பழைய தமிழ்லயும் மாடுன்னா செல்வம்.

சார்ஜ்னா ஒரு வேலை செஞ்சு கொடுத்ததுக்குக் கேட்கிற காசு. டெலிவரி சார்ஜ், லேட் பேமென்ட் சார்ஜ், பேங்க் சார்ஜ். ஃப்ரீ ஆஃப் சார்ஜ்னா பெர்சுமா, இலவசம். இதுல ஒன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கணும், பெரிய ரெஸ்டாரன்ட் பில்லுல கீழ ரெண்டு வரி வரும், சர்வீஸ் சார்ஜ் பத்து விழுக்காடு, சர்வீஸ் டாக்ஸ் ஆறு விழுக்காடு. பேரு ஒன்னு போல இருந்தாலும் போற இடம் வேற. சர்வீஸ் சார்ஜ் அந்தக் கடைக்குப் போறது, சர்வீஸ் டாக்ஸ் கஸ்டம்ஸ் வழியா அரசாங்கத்துக்குப் போறது. 2015 ஏப்ரல்ல ஆறு விழுக்காடு ஜிஎஸ்டி வந்துச்சு, 2018 ஜூன்ல அதை சைபராக்கி, செப்டம்பர்லேர்ந்து விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்ப வந்துச்சு. 2024 மார்ச்ல நிறைய சேவைக்கு சர்வீஸ் டாக்ஸ் எட்டு விழுக்காடா ஏறினப்பவும் சாப்பாட்டுக்கு ஆறுலயே விட்டுட்டாங்க. வருஷத்துக்குப் பதினஞ்சு லட்சம் வெள்ளிக்கு மேல வியாபாரம் ஓடுற சாப்பாட்டுக் கடைங்கதான் இதுக்குப் பதிஞ்சு வாங்கணும், அதனால நம்ம ஒட்டுக்கடையில தோசை சாப்பிட்டா டாக்ஸ் வராது. யாராச்சும் சின்னக் கடையில டாக்ஸ்னு எழுதியிருந்தா, ரசீதுல எஸ்எஸ்டி நம்பர் இருக்கான்னு பாருங்க.

பில்லுக்கு அடியில ரவுண்டிங் அட்ஜஸ்ட்மென்ட்னு ரெண்டு காசு கூடும் இல்ல குறையும், ஏமாத்துறாங்கன்னு ஒரு தம்பி சண்டைக்கே போய்ட்டான். அது 2008 ஏப்ரல்லேர்ந்து இருக்கிற முறை, ஒரு காசு புழக்கத்துல வேணாம்னு கிட்டக்க இருக்கிற அஞ்சு காசுக்குக் கொண்டு வந்துடுவாங்க. பன்னெண்டு வெள்ளி அம்பத்திரண்டு காசுன்னா பன்னெண்டு அம்பது, அம்பத்துமூனுன்னா பன்னெண்டு அம்பத்தஞ்சு. மொத்தத் தொகைக்குத்தான், ஒவ்வொரு சாமானுக்கும் இல்ல.

ஃபைன்னா தண்டம். மலாய்ல டெண்டா, ரெண்டும் ஒரே சமஸ்கிருத வேர்லேர்ந்து வந்தது. அதுமாதிரி மலாய்ல கெடாய் நம்ம கடை, மோடால் நம்ம முதல், இந்த நாட்டுக் காசுப் பேச்சுல நம்ம சொல்லும் கலந்துதான் இருக்கு. ரோட்டுல போலீஸ் கொடுக்கிற சம்மனைக் கட்டும்போது கொம்பாவுன்னு சொல்லுவாங்க, கோர்ட்டுக்குப் போகாம முடிச்சுக்கிற தொகை. டோல் ஹைவேக்கு, ரென்ட் வீட்டுக்கு, இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அஞ்சாவது படி, தாளோட வரிசை. ஒரு வியாபாரத்துல தாள் ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னு வரும், இந்த வரிசை தெரிஞ்சா ஆபீஸ் வேலை பாதி முடிஞ்சது. முதல்ல கொட்டேஷன், மலாய்ல செபுட் ஹார்கா, இந்த வேலைக்கு இவ்வளவு ஆகும்னு எழுத்துல சொல்றது. அப்புறம் பர்ச்சேஸ் ஆர்டர், சரி செய்ங்கன்னு நாம அனுப்புறது. வேலை முடிஞ்சு சாமான் வந்தப்புறம் இன்வாய்ஸ், காசு கொடுங்கன்னு கேட்கிறது. காசு கொடுத்தப்புறம் ரிசீட், வாங்கிட்டோம்னு சொல்றது. இன்வாய்ஸ் கையில இருந்தா கட்டியாச்சுன்னு அர்த்தம் இல்ல, ரிசீட் இருந்தாத்தான் கட்டினதுக்குச் சாட்சி. பட்டறையில எஸ்டிமேட்னு சொன்னா அது ஒரு குத்துமதிப்பு, வேலை நடக்க நடக்கக் கூடலாம், கொட்டேஷன்னா சொன்ன தொகைக்கு நிக்கணும். மோட்டாரைக் கழட்டறதுக்கு முன்னாடியே எதுன்னு கேட்டுக்குங்க.

கட்டாம நிக்கிற காசுக்கும் பேரு இருக்கு. ட்யூன்னா கட்ட வேண்டிய நாள் வந்தாச்சு, ஓவர்ட்யூன்னா நாள் தாண்டியாச்சு, அவுட்ஸ்டாண்டிங்னா இன்னும் கட்டாம நிக்கிறது, அரியர்ஸ்னா பழைய பாக்கி சேர்ந்து கிடக்கிறது. கரண்டு பில்லுல துங்காக்கான்னு ஒரு வரி இருக்கும், அதான் அரியர்ஸ். புது பில்லு கம்மியா இருக்கேன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி அந்த வரியைப் பாருங்க.

இப்ப டெபாசிட். இதைத்தான் நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எங்கண்ணன் மவன் அஞ்சாம் பாரம் முடிச்சப்புறம் ஒரு தனியார் காலேஜுல சேரப் போனான், நான்தான் கூடப் போனேன். கவுன்டர்ல இருந்த பொண்ணு ஐநூறு வெள்ளி கட்டுங்க, சேரலன்னா திரும்பக் கிடைக்கும்னு வாயால சொன்னா. தாள்ல ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீ, நான் ரிஃபண்டபிள்னு இருந்துச்சு. நான் காசைப் பத்திக் கேட்டேன், தாளைப் படிக்கல, கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு வாரத்துல அவனுக்கு அரசாங்க இடம் கிடைச்சது, திரும்பக் கேட்கப் போனா தாளைக் காட்டுனாங்க. அண்ணன் அப்ப தோட்டத்துல செம்பனைக் குலை வெட்டிக்கிட்டு இருந்தாரு, அவருக்கு ஐநூறு வெள்ளி எத்தனை நாள் வேலைன்னு எனக்குத் தெரியும், இன்னைக்கும் அது மனசுல குத்துது.

அதனால நல்லா கேட்டுக்குங்க. டெபாசிட்னா பொதுவா அடமானமா வைக்கிறது, மலாய்ல சாகாரான், வீட்டு வாடகைக்கும் கரண்டுக்கும் கொடுக்கிற மாதிரி, ஒழுங்கா இருந்தா திரும்பி வரும். ஃபீன்னு பேர் இருந்தா பொதுவா கொடுத்தது கொடுத்ததுதான். ஆனா பேரை மட்டும் நம்பாதீங்க, ரிஃபண்டபிளா நான் ரிஃபண்டபிளாங்கிற சொல்லைத் தேடிப் படிச்சுட்டு அப்புறம் காசை எடுங்க, டெபாசிட்னு எழுதியே திரும்பத் தராதவங்களும் இருக்காங்க. டவுன் பேமென்ட் இது ரெண்டுலயும் சேராது, அது விலையோட ஒரு பகுதி, முன்னாடியே கட்டுறது, மிச்சத்துக்கு பேலன்ஸ்னு பேரு. வாங்கின சாமானுக்கோ சேவைக்கோ கடைக்காரங்க நியாயமில்லாம நடந்தா நுகர்வோர் வழக்கு மன்றம் இருக்கு, மலாய்ல திரிபூனல் துந்துத்தான் பெங்குனா, அம்பதாயிரம் வெள்ளி வரைக்கும் வழக்கு எடுக்கும், பதியறதுக்கு ஃபீ அஞ்சு வெள்ளிதான். அன்னைக்கு எனக்கு இது தெரியாது.

குறையற பக்கமும் மூனு சொல் இருக்கு. டிஸ்கவுன்ட்னா கட்டறதுக்கு முன்னாடியே குறைக்கிறது, ரிபேட்னா கணக்குல கொஞ்சம் கழிச்சு விடறது இல்ல திருப்பித் தர்றது, ரிஃபண்ட்னா நீங்க கட்டினதைத் திருப்பிக் கொடுக்கிறது. வேவ்டுன்னு எழுதியிருந்தா அந்த ஃபீயையோ ஃபைனையோ வேணாம்னு விட்டுட்டாங்கன்னு அர்த்தம், சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.

ஆறாவது சம்பளச் சீட்டு. நாள் கணக்கு, கிலோ கணக்கு, மணிக்கணக்குல வர்றது வேஜஸ், மாசக் கணக்குல வர்றது சேலரி. தோட்டத்துல எங்கம்மா காலத்துல மாச நடுவுல அட்வான்ஸ்னு கொஞ்சம் கொடுப்பாங்க, அடுத்த மாச ஆரம்பத்துல பெரிய சம்பளம்னு அதைக் கழிச்சுட்டு மிச்சம், அட்வான்ஸுங்கிற சொல் அப்படித்தான் எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. சீட்டுல பேஸிக்னா அடிப்படை, அலவன்ஸ்னா சாப்பாட்டுக்கு, பெட்ரோலுக்குன்னு கூடுதலா கொடுக்கிறது, இதெல்லாம் கூட்டினா க்ராஸ். டிடக்‌ஷன்னா பிடித்தம். பிடிச்சது போக கைக்கு வர்றது நெட். வேலைக்குச் சேரும்போது ரெண்டாயிரம் சம்பளம்னு சொன்னா "க்ராஸா நெட்டா"ன்னு கேளுங்க, தப்பே இல்ல. ரெண்டாயிரம் க்ராஸ்னா அதுல இபிஎஃப் பதினொரு விழுக்காடு, அதாவது இருநூத்திருபது வெள்ளி உங்க பேர்ல சேமிப்புக்குப் போகும், சொக்சோவும் (தொழிலாளிக் காப்புறுதி) இஐஎஸ்ஸும் (வேலை போனா உதவுற காப்புறுதி) அதை விடச் சின்னத் தொகை. அந்தச் சம்பளத்துக்கு முதலாளி தன் கையிலேர்ந்து இன்னும் பதிமூனு விழுக்காடு இபிஎஃப் போடணும், அதை உங்க டிடக்‌ஷன்ல காட்டியிருந்தா கேட்கணும், அது அவர் பங்கு. மலேசியக்காரங்களுக்கு உள்ள கணக்கு இது, வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கணக்கு வேற, புதுக்கோட்டைத் தம்பிங்க இந்த நம்பரை வச்சு முதலாளிகிட்ட பேசாதீங்க, உங்க சீட்டைக் கொண்டு வாங்க பார்ப்போம். இன்னொன்னு, 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டப்படி மாசம் முடிஞ்சு ஏழாம் நாளுக்குள்ள சம்பளம் கொடுத்தாகணும்.

ஆபீஸ் வேலைக்கு உங்க கைக்காசைப் போட்டீங்கன்னா அது க்ளைம். "ஐ வான்ட் டு க்ளைம் மை பெட்ரோல் எக்ஸ்பென்ஸஸ்". அவங்க திருப்பிக் கொடுத்தா ரீஇம்பர்ஸ்மென்ட், நீளமான சொல்தான், படிச்சா புரிஞ்சா போதும், பேச்சுல க்ளைம்னே எல்லாரும் சொல்றாங்க. பெட்டி கேஷ்னு கேட்டு பெட்டியைத் தேடின புள்ளைங்க உண்டு, நம்ம பெட்டி இல்ல அது, பெட்டின்னா அங்க சின்னதுன்னு அர்த்தம், டீத்தூள், தபால்தலைக்கு எடுக்கிற சில்லறைப் பணம். ஆனா காசுங்கிற சொல் இங்கிலீஷுக்குள்ள நம்மகிட்டேர்ந்து போயிருக்கு, ஆசியாவுல புழங்கின சின்ன நாணயத்துக்கு கேஷ்னு இங்கிலீஷ்காரன் வச்ச பேரு காசுங்கிறதுலேர்ந்து போர்த்துகீஸ் வழியா வந்தது. ரொக்கம்னு சொல்ற கேஷ் ப்ரெஞ்சுலேர்ந்து வந்த வேற சொல்.

ஏழாவது, விலையைப் பத்திப் பேசுற சொல்லு. சீப்னா மலிவு, ஆனா தரம் இல்லாததுன்னும் அர்த்தம் வரும், அடுத்தவங்க வாங்கினதைப் பார்த்து சீப்னு சொல்லாதீங்க, மனசு நோகும். ரீசனபிள்னு சொல்லுங்க, நியாயமான விலை. அஃபோர்டுங்கிறதுக்கு ஒரே சொல்லுல தமிழ் கிடைக்காம ரொம்ப நாள் யோசிச்சேன், கடைசியில எங்க பாட்டி சொல்ற சொல்லுதான் பொருந்துச்சு, கட்டுப்படியாகாது. "ஐ கான்ட் அஃபோர்ட் இட்"னா எனக்குக் கட்டுப்படியாகாது. கேன், கான்ட் கூடத்தான் அதிகமா வரும். வொர்த் இட்னா போட்ட காசுக்கு பெறுமானம் இருக்கு. "இட் காஸ்ட்ஸ் எ பாம்"னு நம்ம நாட்டுல சொல்லுவாங்க, அதான் நம்ம ஆனை விலை குதிரை விலை, பேச்சுக்கு மட்டும், கடிதத்துல எழுத வேணாம்.

எட்டாவது கடன், மோட்டார் வாங்கப் போறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. இன்ஸ்டால்மென்ட்னா தவணை, மலாய்ல ஆன்சுரான். இந்தச் சொல்லைக் கேட்டா பயப்பட வேண்டியதில்ல. வெள்ளைக்காரன் தோட்டத்தையெல்லாம் துண்டு போட்டு வித்துக்கிட்டு இருந்த நேரத்துல, நம்ம சுங்கை சிப்புட்காரர், அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சப்ப, பால் வெட்டுறவங்க கொஞ்சம் கொஞ்சமா பங்குப் பணம் கட்டித்தான் தோட்டம் வாங்கினாங்க. நல்லதுக்குக் கட்டினா நல்லது. ஆனா கணக்குப் பார்த்துக் கட்டணும்.

ஒரு மோட்டார் ஆறாயிரம் வெள்ளின்னு வைங்க. டவுன் பேமென்ட் அறுநூறு. மிச்சம் அஞ்சாயிரத்து நானூறு கடன், அதுக்குப் பேரு ப்ரின்ஸிபல், அசல். இன்ட்ரஸ்ட் எட்டு விழுக்காடு ஃப்ளாட் ரேட், மூனு வருஷம். ஃப்ளாட்னா நீங்க மாசாமாசம் அசலைக் குறைச்சுக்கிட்டே வந்தாலும் வட்டி மட்டும் முதல் நாள் கடனுக்கே மூனு வருஷமும் போடறது. வருஷத்துக்கு நானூத்து முப்பத்திரண்டு, மூனு வருஷத்துக்கு ஆயிரத்து இருநூத்துத் தொண்ணூத்தாறு. கடனும் வட்டியும் சேர்த்து ஆறாயிரத்து அறநூத்துத் தொண்ணூத்தாறு, முப்பத்தாறால வகுத்தா மாசம் நூத்தி எம்பத்தாறு. கடைக்காரர் "மாசம் நூத்தி எம்பத்தாறுதான்"னு சொல்லுவாரு. நீங்க டவுன் பேமென்டையும் சேர்த்துப் பாருங்க, ஏழாயிரத்து இருநூத்துத் தொண்ணூத்தாறு. ப்ரைஸ் ஆறாயிரம், காஸ்ட் ஏழாயிரத்து இருநூத்துச் சொச்சம். நாசி லெமாக்ல சொன்னேனே, அதே வித்தியாசம்தான், இங்க ஆயிரத்துக்கு மேல வலிக்குது. எந்தக் கடனுக்கும் "வாட் இஸ் த டோட்டல் அமௌன்ட் ஐ வில் பே?"ன்னு கேட்டு அந்த ஒரு நம்பரை எழுதி வாங்குங்க. கேரன்டர்னு வேற ஒருத்தர் கடனுக்குக் கையெழுத்துக் கேட்டாங்கன்னா அவர் கட்டலன்னா நீங்க கட்டணும்னு அர்த்தம், சொந்தக்காரங்கன்னு யோசிக்காம போட்டுடாதீங்க. கடன் கழுத்தை நெரிச்சா ஆக்காப்பேகான்னு ஒரு அமைப்பு இருக்கு, 2006லேர்ந்து நடக்குது, காசு வாங்காம ஆலோசனை சொல்றாங்க, ஆலோங்ககிட்ட, அதாவது லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடறவங்ககிட்ட, மட்டும் போயிடாதீங்க.

கடைசியா கவுன்டர்ல கேட்க அஞ்சு வாக்கியம், கண்ணாடி முன்னாடி நின்னு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்க, மனசுக்குள்ள சொன்னா அந்த நேரத்துல வராது. "ஹவ் மச் இஸ் இட் ஆல் டுகெதர்?" மொத்தமா எவ்வளவு. "வாட் இஸ் திஸ் சார்ஜ் ஃபார்?" இந்தக் காசு எதுக்கு. "இஸ் டாக்ஸ் இன்க்ளூடட்?" வரி சேர்ந்திருக்கா. "இஸ் திஸ் ரிஃபண்டபிள்?" திரும்பக் கிடைக்குமா. "மே ஐ ஹாவ் எ ரிசீட், ப்ளீஸ்?" பின்னாடி வரிசையில ஆளு நிக்கிறாங்கன்னு அவசரப்படாதீங்க, உங்க காசு, நின்னு கேளுங்க.

வாங்கின ரிசீட்டை வீட்டுக்கு வந்ததும் போன்ல ஒரு படம் எடுத்துடுங்க, கடையில மெஷின்ல வர்ற அந்த வழவழப்பு பேப்பர்ல எழுத்து சில மாசத்துல மங்கிடும், சூடு பட்டா இன்னும் சீக்கிரம், மோட்டார் சீட்டுக்கு அடியில வச்சா போச்சு. பைல்ல வைக்கும்போது மேல பேனாவால தேதியும் தொகையும் எதுக்குன்னும் எழுதுங்க, தமிழ்லயே எழுதுங்க. புரியாத சொல் வந்தா வட்டம் போட்டு வைங்க, சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுலதான் இருப்பேன்.